ரத்தான சட்டம், ரத்தாகாத தீர்ப்பு

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் ஜெர்மன்காரர்கள். இருவர் மேலும் ஒரே குற்றச்சாட்டு, இன்னோர் ஆணோடு உறவு கொண்டார்கள் என்பது. ஒரே சட்டப்பிரிவு, வாசகத்தில் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. ஒருவருக்கு 1944இல் தண்டனை, இன்னொருவருக்கு 1954இல். 2002ஆம் ஆண்டு ஜெர்மன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, முதலாமவருக்கு வந்த தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தது. இரண்டாமவரின் தீர்ப்பைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டால், முதல் தீர்ப்பை எழுதியது ஹிட்லர் ஆட்சியின் நீதிமன்றமாம், இரண்டாவதை எழுதியது ஜனநாயக நாட்டின் நீதிமன்றமாம். எழுதக் காரணமான சட்டம் மட்டும் ஒன்றேதான். போருக்கு அப்புறம் பழைய நீதிபதிகள் பலரும் அதே நாற்காலிக்குத் திரும்பி வந்துவிட்டதால், இரண்டு தீர்ப்பையும் ஒரே மாதிரி ஆட்கள்தான் எழுதினார்கள் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த இரண்டாவது தீர்ப்பு செல்லாது என்று ஆக 2017 வரை ஆனது. நடுவில் அந்த மனிதர்களில் பெரும்பாலானவர்கள் செத்துப்போய்விட்டார்கள்.

ஒரு சட்டம் மோசமானது என்று தெரிந்து அதை எடுத்துவிட்டால் கதை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். முடிவதில்லை. சட்டத்தை எடுப்பது நாளைக்கு யாரையும் அதன் பேரில் பிடிக்க முடியாது என்பதற்கு மட்டும்தான். நேற்றுப் பிடிபட்டவன் சட்டத்தின் கண்ணில் இன்றும் குற்றவாளிதான். அவனுடைய தீர்ப்பு கோப்பில் பத்திரமாக இருக்கும். அதை எப்படித் துடைப்பது, யார் துடைப்பது, துடைக்க யாருக்கு அதிகாரம் என்ற கேள்விகளில் ஜெர்மனி மாதிரி நீண்ட காலம் மல்லுக்கட்டிய நாடு குறைவு. அதனால்தான் அந்த ஊர்க் கதையை எடுத்திருக்கிறேன்.

சட்டத்தின் பெயர் 175ஆவது பிரிவு. 1871இல் ஜெர்மன் பேரரசு உருவானபோது வந்த தண்டனைச் சட்டத்தில் இருந்தது, ஆணும் ஆணும் உறவு கொண்டால் சிறை என்றது. பெண்களைப் பற்றி அது பேசவில்லை. ஆரம்பத்தில் நீதிமன்றங்கள் உடலுறவுக்கு ஒப்பான செயல் நடந்ததாக நிரூபித்தால்தான் தண்டித்தன, அதை நிரூபிப்பதும் லேசில்லை. நாஜிகள் 1935இல் அந்த வேலியைப் பிடுங்கிப் போட்டார்கள். தொட்டால் போதும், பின்னாளில் தொடக்கூட வேண்டாம், காம நோக்கத்தோடு பார்த்தாலே போதும் என்கிற அளவுக்குப் போனது. அந்த ஆட்சியில் சுமார் 50,000 பேருக்குத் தண்டனை. ஐயாயிரத்திலிருந்து பதினைந்தாயிரம் பேர் வரை வதைமுகாம்களுக்குப் போனார்கள், சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணத் துணி தைத்துக்கொண்டு.

1945இல் முகாம் கதவு திறந்தது. யூதர்களும் அரசியல் கைதிகளும் விடுதலையானார்கள். இளஞ்சிவப்பு முக்கோணக்காரர்களில் சிலரை, தண்டனைக் காலம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று சொல்லி மறுபடி சிறையில் போட்டார்கள். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

புதிதாகப் பிறந்த மேற்கு ஜெர்மனி நாஜிகளின் மற்ற எத்தனையோ சட்டங்களைத் தூக்கி எறிந்தது. இதை மட்டும் 1935இல் திருத்திய வடிவத்திலேயே வைத்துக்கொண்டது. கிழக்கு ஜெர்மனிகூட 1950இலேயே நாஜிகளுக்கு முந்தைய வடிவத்துக்குத் திரும்பிவிட்டது, 1950களின் கடைசியில் வழக்குப் போடுவதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது. மேற்கில் 1949க்கும் 1969க்கும் இடையில் மட்டும் சுமார் 50,000 தண்டனைகள். அதாவது நாஜிக் காலத்துக் கணக்கோடு போட்டி போடும் அளவு. தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு நாஜி ஆட்சி இன்னும் முடியவில்லை என்ற பொருளில் 1960களில் ஹான்ஸ்-யோவாஹிம் ஷேப்ஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதினார். அவர் யூதர், நாஜிகளிடமிருந்து ஸ்வீடனுக்குத் தப்பிப்போனவர்.

தண்டனை என்றால் சிறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். வேலை போகும். அரசு வேலை என்றால் நிச்சயமாகப் போகும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கியதுண்டு, டாக்டர் பட்டத்தைத் திரும்பப் பெற்றதுண்டு. போலீஸ் கையில் பெயர்ப் பட்டியல் இருக்கும், அடுத்த முறை ஏதாவது நடந்தால் முதலில் இவர்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

ஃபிராங்க்ஃபர்ட்டில் 1950இல் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பாலியல் தொழிலில் இருந்த ஓர் இளைஞனைப் போலீஸ் பிடித்தது, அவன் தன்னிடம் வந்தவர்களின் பெயர்களையெல்லாம் வரிசையாகச் சொன்னான். அதிலிருந்து கிளம்பியது, ஒருவரிடமிருந்து இன்னொருவர் என்று நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையில் சிக்கினார்கள். பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் ஊருக்கு வெளியே இருந்த கோயத்தே கோபுரத்தின் மேலிருந்து குதித்தான்.

அப்போது கைதானவர்களில் வொல்ஃப்காங் லௌயிங்கர் என்று ஒருவர். 1918இல் பிறந்தவர். அப்பா யூதர், பெயர் பெற்ற பத்திரிகையாளர். நாஜிக் காலத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் தடை செய்த அமெரிக்க இசையைக் கேட்டு ஆடித் திரிந்த வாலிபர் கூட்டத்தில் இவரும் இருந்தார், அதற்காக ஹிட்லர் ஆட்சியின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோ பிடித்து வைத்தது. போர் முடிந்து, சுதந்திர நாட்டில், ஐந்தே வருடத்தில் மறுபடி கைது, இந்த முறை 175ஆவது பிரிவில். பல மாதம் விசாரணைக் கைதியாக உள்ளே இருந்தார். 1951இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

1957இல் விஷயம் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமத்துவம் என்று சாசனம் சொல்கிறது, இந்தச் சட்டம் ஆண்களை மட்டும் தண்டிக்கிறதே என்பது ஒரு வாதம். இது நாஜிகள் திருத்திய சட்டம், எப்படிச் செல்லும் என்பது இன்னொன்று. நீதிமன்றம் இரண்டையும் தள்ளிவிட்டது. ஆணின் இயல்பு வேறு, பெண்ணின் இயல்பு வேறு, ஆகவே சமத்துவக் கேள்வியே எழவில்லை. சட்டம் முறைப்படிதான் நிறைவேறியது, நாஜிச் சாயல் அதில் தூக்கலாக இல்லை. அப்புறம், தன்பாலுறவு ஒழுக்க நெறிக்கு விரோதம். மே 10ஆம் தேதி வந்த அந்தத் தீர்ப்பு, ஐம்பது வருடத்துக்கும் மேலாகப் பின்னால் வந்த எல்லோருடைய கையையும் கட்டிப்போட்டது. நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமே சரி என்று சொன்ன சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு எப்படித் தப்பாகும்?

சட்டம் படிப்படியாகத் தேய்ந்தது. 1969இல் இருபத்தொரு வயது தாண்டியவர்களுக்கு விலக்கு, 1973இல் வயது பதினெட்டு ஆனது, இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றான பிறகு 1994இல் பிரிவே ஒழிந்தது. 2000ஆம் ஆண்டு நாடாளுமன்றம் வருத்தம் தெரிவித்துத் தீர்மானம் போட்டது. 2002இல், முதலில் சொன்னேனே, நாஜிக் காலத் தீர்ப்புகள் மட்டும் போயின.

அதற்கு மேல் போக முடியாது என்றுதான் சட்ட வல்லுநர்கள் பலரும் சொல்லி வந்தார்கள். அந்த வாதம் லேசாகத் தள்ளிவிடக்கூடியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீதிமன்றம் தீர்ப்புச் சொல்கிறது, நாடாளுமன்றம் சட்டம் செய்கிறது. தனக்குப் பிடிக்காத தீர்ப்பை நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அழிக்கலாம் என்றால், நாளைக்கு வேறு ஒரு கட்சி வந்து வேறு தீர்ப்புகளை அழிக்கும். ஹிட்லரைப் பார்த்த நாட்டில் இந்தப் பயம் அதிகமாகவே இருக்கும், இருக்கவும் வேண்டும். தன் ஆட்களைத் தண்டித்த தீர்ப்பை அழிப்பதற்காக ஓர் அரசு சட்டம் கொண்டுவருவதாக நம் ஊரை வைத்துக் கற்பனை செய்து பாருங்கள், எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

இதற்கு ஒரு விடையை 2016இல் மார்ட்டின் பூர்கி என்ற மியூனிக் சட்டப் பேராசிரியர் எழுதிக் கொடுத்தார். பாகுபாட்டு எதிர்ப்புக்கான அரசு அலுவலகம் அவரிடம் கருத்துக் கேட்டிருந்தது. நான் புரிந்துகொண்ட அளவில் அவருடைய வாதம் இப்படிப் போகிறது: இங்கே நாடாளுமன்றம் நீதிபதியைத் திருத்தவில்லை. தான் போட்ட, தான் கண்டுகொள்ளாமல் விட்ட சட்டத்தைத்தான் திருத்துகிறது. அந்தச் சட்டம் மனித மாண்புக்கு விரோதமானது என்பது இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த பிறகு, அதனால் வந்த களங்கத்தை அப்படியே விட்டுவைக்காமல் இருப்பது ஒரு சட்ட அரசின் கடமை. நீதிபதி சட்டத்தைச் சரியாகத்தான் பயன்படுத்தினார், சட்டம்தான் தப்பு என்றால், அதைச் சரிசெய்ய மேல்முறையீட்டில் எந்த வழியும் கிடையாது, ஏனென்றால் நீதிபதியிடம் பிழையே இல்லை. அப்படியானால் சட்டம் போட்டவர்தானே வந்து அள்ள வேண்டும்? எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது. அள்ள வேண்டியவன் கொட்டியவன்தான்.

ஹைக்கோ மாஸ் சட்ட அமைச்சராக இருந்தபோது மசோதா வந்து, 2017 ஜூன் 22 அன்று எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறி, ஜூலை 22 அன்று அமலுக்கு வந்தது.

அது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் என் ஆர்வம் முழுக்க. 1945 மே 8க்குப் பிறகு இந்தப் பிரிவில், பரஸ்பர சம்மதத்தோடு நடந்த செயலுக்காக வந்த தீர்ப்புகள் எல்லாம் சட்டத்தினாலேயே ரத்து. யாரும் மனுப் போட வேண்டாம், எந்த நீதிமன்றமும் தனித்தனியாகப் பார்க்க வேண்டாம். செத்தவர்களுக்கும் சேர்த்துத்தான். கையில் ஒரு தாள் வேண்டுமென்றால் மட்டும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்டால் தீர்ப்பு ரத்தானதற்குச் சான்று தருவார்கள். கோப்பு காணாமல் போயிருந்தால்? ஐம்பது அறுபது வருடத்துக் கோப்புகளில் பாதி எப்போதோ கழிவுத் தாளாகப் போயிருக்கும். அதற்கும் வழி வைத்தார்கள்: உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும், அதை நம்புவார்கள். பழைய வழக்கில் ஒரு சர்டிஃபைடு காப்பி வாங்க அலைந்திருப்பவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும்.

பணமும் உண்டு. ஒரு தண்டனைக்கு 3,000 யூரோ, உள்ளே இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 1,500. வருடம் தொடங்கிவிட்டாலே முழு வருடமாகக் கணக்கு. ஒரு மனிதனின் வேலை, வீடு, பெயர் எல்லாம் போனதற்கு இது காசே இல்லை, யாருக்கும் அதில் சந்தேகம் இருக்க முடியாது.

ஆனால் எனக்கு ஆத்திரம் வந்தது பணத்தில் இல்லை, வயதில். அரசு கொண்டுவந்த மசோதாவில், உடன் இருந்தவர் பதினான்கு வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் அந்தத் தீர்ப்பு ரத்தாகாது என்று இருந்தது. நியாயம்தான், ஜெர்மனியில் ஆணுக்கும் பெண்ணுக்குமான உறவுக்குச் சம்மத வயதே பதினான்குதான். கடைசி நேரத்தில் ஆளும் கூட்டணியிலிருந்த பழமைவாதக் கட்சி அதைப் பதினாறு என்று மாற்றியது. விளைவு? பதினேழு வயதுப் பையனும் பதினைந்து வயதுப் பையனும் காதலித்து, மூத்தவன் 1960இல் தண்டனை பெற்றிருந்தால், அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதே இடத்தில் ஒரு பெண் இருந்திருந்தால் பெரும்பாலும் வழக்கே வந்திருக்காது. பாகுபாட்டைத் துடைக்க வந்த சட்டத்திலேயே பழைய பாகுபாட்டை ஒரு பிடி போட்டுக் கலந்துவிட்டார்கள். குழந்தைகளின் பாதுகாப்பு என்ற ஒரு சொல்லைச் சொன்னதும் எதிரே நின்றவர்கள் வாயடைத்துப்போனார்கள், தேர்தலும் மூன்று மாதத்தில் வரவிருந்தது, மொத்த மசோதாவும் கவிழ்ந்துவிடும் என்ற பயம். அரசியலில் இப்படித்தான் நடக்கும் என்பது புரிகிறது. புரிவதால் கோபம் குறையவில்லை.

லௌயிங்கரிடம் வருவோம். சட்டம் வந்தபோது அவருக்குத் தொண்ணூற்றொன்பது வயதை எட்டும் நேரம். பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசியவர், இந்தச் சட்டத்துக்காகப் பல வருடம் குரல் கொடுத்தவர். இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். ஏனென்றால் சட்டம் தண்டனை பெற்றவர்களுக்கானது, இவரைத்தான் 1951இலேயே விடுதலை செய்துவிட்டார்களே! மாதக்கணக்கில் உள்ளே கிடந்தது எந்தக் கணக்கிலும் வராது. 2017 டிசம்பரில் அவர் இறந்துபோனார். 2019இல்தான் அமைச்சகம் விதியை விரித்து, தண்டனை இல்லாமல் விசாரணைக் காவலில் இருந்தவர்களுக்கும், வழக்கால் வேலையோ உடல்நலமோ கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் பணம் உண்டு என்றது. தனித்தனி மனிதர்களின் கதையைக் கேட்காமல் சட்டம் எழுதினால் ஓட்டை இப்படித்தான் விழும். சரி, எல்லாக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுவோம் என்றால் எல்லோரும் செத்துவிடுவார்கள். இதில் எது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இழப்பீடு கேட்டு ஆயிரக்கணக்கானோர் வருவார்கள் என்று எதிர்பார்த்து 3 கோடி யூரோ வரை செலவாகலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். நான்கு வருடத்துக்குப் பிறகு, 2021 இலையுதிர் காலத்தில் வெளிவந்த கணக்கில் விண்ணப்பித்தவர்கள் 317 பேர், பணம் பெற்றவர்கள் 249 பேர், மொத்தம் 8,60,000 யூரோவுக்கு உள்ளேதான்.

இந்த எண் எனக்கு ஆச்சரியமாக இல்லை. முன்பு கொஞ்ச காலம் ஒரு வக்கீல் ஆபீஸில் தட்டச்சு வேலை பார்த்தேன். பழைய வழக்கில் விடுதலையானவர்கள் போலீஸ் சான்றுக்காக, பாஸ்போர்ட்டுக்காக வருவார்கள். விடுதலையானவர்கள்தான், தலை நிமிர்ந்து வரலாம். ஆனால் வந்ததும் முதலில் கேட்பது, வீட்டு நம்பருக்குப் போன் பண்ண மாட்டீங்களே சார் என்பதுதான். ஒருவர், மனுவில் வழக்கு என்னவென்று எழுதியே ஆக வேண்டுமா, வெறும் நம்பர் போட்டால் ஆகாதா என்று கேட்டுவிட்டு, ஆகாது என்றதும் ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இத்தனைக்கும் அது ஏதோ சில்லறை அடிதடி கேஸ். எண்பத்தைந்து வயதில், அப்புறம் கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்து, வீட்டில் யாருக்கும் தெரியாமல் புதைத்து வைத்த ஒன்றை, புதைக்க வைத்த அதே அரசாங்கத்துக்கு விண்ணப்பப் படிவத்தில் எழுதி அனுப்பு என்றால் யார் எழுதுவார்கள்?

அதனால்தான் தீர்ப்பைத் தானாகவே ரத்தாக வைத்த அந்த ஒரு முடிவை நான் பெரிதாகப் பார்க்கிறேன். விண்ணப்பிக்காத ஆயிரக்கணக்கானவர்களும் சட்டப்படி இன்று குற்றவாளிகள் இல்லை, அவர்களுக்கே அது தெரிந்திருக்கிறதோ இல்லையோ.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. ஆலன் டூரிங்கின் கதை எல்லோருக்கும் தெரியும்: போரில் ஜெர்மானியரின் ரகசியக் குறியீட்டை உடைத்தவர், ஆணோடு உறவு கொண்டதற்காக 1952இல் தண்டனை, 1954இல் சாவு. 2013 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அரசி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 2017இல் ஒரு சட்டம் வந்து, இறந்துபோன மற்றவர்களுக்கெல்லாம் தானாகவே மன்னிப்பு என்றது. உயிரோடு இருப்பவர்கள் மட்டும் முதலில் மனுப் போட்டுத் தங்கள் பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் மன்னிப்பு. அதாவது செத்தால் இலவசம், உயிரோடு இருந்தால் க்யூவில் நில். உயிரோடு இருப்பவர்களுக்கும் தானாகவே கிடைக்கட்டும் என்று 2016 அக்டோபரில் ஓர் உறுப்பினர் தனி மசோதா கொண்டுவந்தார், அமைச்சர் ஒருவர் எழுந்து நேரம் முடியும்வரை பேசியே அதைக் கொன்றார். ஜார்ஜ் மாண்டேகு என்ற முதியவர், 1970களில் தண்டனை பெற்றவர், எனக்கு மன்னிப்பு வேண்டாம், நான் என்ன தப்பு செய்தேன் மன்னிக்க, அரசுதான் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மல்லுக்கு நின்றார். மன்னிப்பில் தண்டனைதான் போகும், குற்றம் செய்தவன் என்பது அப்படியே இருக்கும். தீர்ப்பு ரத்து என்றால் அப்படியொரு குற்றமே நடக்கவில்லை. மாண்டேகு பக்கம்தான் நான்.

தானாக ரத்து செய்ய முடியாது, பழைய கோப்பில் சம்மதம் இருந்ததா இல்லையா என்றே தெரியாது, நிஜமான குற்றவாளியும் தப்பிவிடுவான் என்று லண்டனில் அப்போது வாதாடினார்கள். அதே நாடாளுமன்றம் 2024இல், ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளின் பிழையால் திருடர்கள் ஆக்கப்பட்ட தபால் நிலையக்காரர்களின் தீர்ப்புகளை ஒரே சட்டத்தால் கூண்டோடு ரத்து செய்தது. அவர்களில் நிஜமாகத் திருடியவரும் இருக்கலாமே என்று கேட்டதற்கு, இருந்தால் இருக்கட்டும் என்பதுதான் பதிலாக இருந்தது. அது பாகுபாட்டுச் சட்டம் இல்லை, வேறு வகை அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனமிருந்தால் வழி உண்டு என்று தெரிந்துபோயிற்று.

நம் பக்கம் வந்தால், 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலுறவைக் குற்றமாக்கி வைத்திருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவிலிருந்து வயது வந்தோரின் சம்மத உறவை எடுத்தது. தொலைக்காட்சியில் கொண்டாட்டம், வானவில் கொடி. அந்தத் தீர்ப்பில் நீதிபதி இந்து மல்ஹோத்ராவின் பகுதியின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: முடிந்துபோன வழக்குகளை இதை வைத்து மறுபடி திறக்க முடியாது, நிலுவையில் இருப்பவற்றில் மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். 2009இல் டெல்லி உயர் நீதிமன்றமும் இதையேதான் சொல்லியிருந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 மொத்தமாகவே இல்லை, ஆனால் பழைய சட்டத்தின் கீழ் ஏற்கெனவே கொடுத்த தண்டனைகளை இது பாதிக்காது என்று கடைசிப் பிரிவில் வழக்கம்போல எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரே சட்டத்தால் எல்லாவற்றையும் துடைக்கவும் முடியாது. 377இன் கீழ் சிறுவர்களைச் சீரழித்தவர்களுக்கும் பலாத்காரம் செய்தவர்களுக்கும் தண்டனை கொடுத்திருக்கிறார்கள், அவை நிற்கத்தான் வேண்டும். ஜெர்மனி செய்த மாதிரி, பலாத்காரம், மிரட்டல், அதிகாரத்தை வைத்துப் பணியவைத்தது, மைனர், இவை நான்கும் இல்லாத தீர்ப்புகள் ரத்து என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மைனருக்கான வயதை மட்டும் கடைசி நேரத்தில் யாரும் திருத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இலங்கையில் தன்பாலுறவைத் தண்டிக்கும் 365, 365அ பிரிவுகள் இரண்டும் இன்னும் அமலில்தான் இருக்கின்றன. அவற்றை மாற்றும் தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. அங்கே எடுக்கும்போதே பழைய தீர்ப்புகளுக்கும் சேர்த்து ஒரு பிரிவு எழுதிக்கொள்ளலாம். ஜெர்மனி மாதிரி இருபத்து மூன்று வருடம் கழித்து இன்னொரு சட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை.